மைசீனியர்களின் அச்சுக் கண்ணாடி நகைகள்: அந்தக் காலத்துக் கவரிங்கா, நிஜ ஆடம்பரமா?

வெள்ளவத்தை நீலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தே சின்ன அளவில் நகை செய்து விற்கிறேன், பெரும்பாலும் ரெசினும் பித்தளையும். புதிய டிசைனுக்காகப் பழைய கிரேக்க நகைகளின் படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது வெண்கலக் காலக் கிரேக்கத்தில் வாழ்ந்த மைசீனியர்கள் செய்த கண்ணாடித் துண்டுகள் சில கண்ணில் பட்டன. கி.மு. 1400, 1300 காலத்தவை என்று போட்டிருந்தது. ஒரு துண்டில் பூ, இன்னொன்றில் ஐவி இலை, வேறொன்றில் சுருண்ட முடி மாதிரி ஏதோ ஒன்று. ஒரே வரிசையில் இருபது துண்டு இருந்தால் இருபதும் அச்சு அசல் ஒரே மாதிரி. எனக்குச் சில விஷயங்கள் விளங்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலாவது, மின்சாரச் சூளை இல்லாத காலத்தில் இவ்வளவு நுணுக்கமாகக் கண்ணாடியை எப்படி அச்சில் எடுத்தார்கள்? இரண்டாவது, விளக்கத்தில் "நீலக் கண்ணாடி" என்று இருக்கிறது, படத்தில் பார்த்தால் பழுப்பும் அழுக்கு வெள்ளையுமாக இருக்கிறதே, ஏன்? மூன்றாவதுதான் முக்கியம். இது வசதியில்லாதவர்கள் போட்ட நகையா? தங்கம் வாங்க முடியாதவர்களுக்கான கவரிங் மாதிரி ஏதாவதா? என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கதை சொல்லி விற்க வேண்டும், தப்பான கதையைச் சொல்லி மாட்டிக்கொள்ள விருப்பமில்லை.

கடைசியாக, கொழும்பில் இருந்துகொண்டு இதை நாமே செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா?

மாந்தை மணி எழுதியது:

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். மூவாயிரத்துச் சொச்சம் வருடம் ஈர மண்ணுக்குள் கிடந்தால் கண்ணாடியில் இருக்கும் சோடாவைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். அதற்குப் பிறகு மேற்பரப்பு படலம் படலமாகப் பிரிந்து வெள்ளையாகவோ பழுப்பாகவோ போகும், சிலதில் எண்ணெய் படிந்த தண்ணீர் மாதிரி வானவில் மினுக்கம் வரும். உடைந்த துண்டின் உட்புறத்தைப் பார்த்தால் சிலவற்றில் இன்னும் கரு நீலம் இருக்கும். புதிதாகச் செய்தபோது பெரும்பாலானவை இரண்டு நீலங்களில் ஒன்றாகத்தான் இருந்தன: கோபால்ட் கலந்த ஆழ்ந்த நீலம் அல்லது செம்பு கலந்த பச்சை நீலம். ஆகவே நீங்கள் பார்த்த அழுக்கு வெள்ளை நெக்லஸைப் பளபளக்கும் கரு நீலமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் அது என்ன வகை நகை என்பது பிடிபடும்.

அச்சு விஷயம். மாக்கல்லில்தான் பெரும்பாலும் செதுக்கினார்கள், கல்சட்டி செய்கிற அதே இனக் கல். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மெது, ஆனால் நெருப்புக்கு அசையாது. கைக்குள் அடங்கும் ஒரு கட்டியை எடுத்து அதன் ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு உருவத்தைக் குழியாக வெட்டிவிடுவார்கள், ஒரு பக்கம் பூ, திருப்பினால் நத்தை மாதிரிச் சுருள், இன்னொரு பக்கம் லில்லி. கல்லை வீணாக்கவே இல்லை. அவர்களுடைய முக்கிய நகரமான மைசீனாவிலேயே இப்படிப்பட்ட அச்சுகள் கிடைத்திருக்கின்றன.

அடுத்த முறை படத்தைப் பெரிதாக்கி ஒரு துண்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். அங்கே குறுக்காக ஒரு தடித்த பட்டி ஓடும், அதில் சின்னச் சின்ன வரிகள் இருக்கும். அந்தப் பட்டிக்குள்தான் நூல் போகும் துளை. துளையைப் பிறகு துளைக்கவில்லை, அச்சிலேயே அதற்கான கால்வாய் வெட்டப்பட்டிருக்கும், அதில் கம்பியை வைத்துத்தான் வார்த்திருக்கிறார்கள். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் என்று இரண்டு இருப்பதால் துண்டு புரளாது, முகம் எப்போதும் வெளியே பார்த்தபடியே இருக்கும். பின்பக்கம் வெறும் தட்டை. கழுத்துக்கு மட்டும் இல்லை, தலையணியாகவும் உடையில் தைத்தும் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான துண்டுகள் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள்தான் இருக்கும்.

உருவங்களில் எனக்குப் பிடித்தது எட்டு வடிவக் கேடயம். ரோசெட் என்ற வட்டப் பூ, பப்பிரஸ் கோரை, ஐவி இலை, ஆர்கோனோட் என்ற கடல் உயிரினம், இப்படி ஒரு குறிப்பிட்ட பட்டியல் இருக்கிறது, அதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன "சுருண்ட முடி"யும் அதில் ஒன்று.

மூன்றாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

செட்டியார் தெரு பட்டறை எழுதியது:

தங்கச்சி, நான் கண்ணாடி வேலைக்காரன் இல்லை, பரம்பரையாகத் தங்கத்தில் கிடப்பவன். ஆனால் வார்ப்பு என்ற வகையில் ஒன்றிரண்டு சொல்லலாம்.

தங்கம் உருகினால் தண்ணீராக ஓடும். மூசையை, அதாவது உருக்கும் கிண்ணத்தைச் சாய்த்தால் போதும், அச்சில் எந்த மூலைக்கும் தானே போய்விடும். கண்ணாடி அப்படி இல்லை. அது உருகுகிற ஒரு புள்ளி என்று கிடையாது, சூடேற ஏற மெல்ல இளகிக்கொண்டே போகும், நம் கைக்கு வரக்கூடிய சூட்டில் முற்றின சீனிப்பாகு பதத்தில்தான் நிற்கும். அந்தப் பாகை ஒரு சின்னக் குழிக்குள் ஊற்றினால் ஓரங்களுக்குப் போவதற்கு முன்னாலேயே இறுகிவிடும். அந்தக் காலத்து ஆள் எப்படிச் செய்திருப்பான் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது இரண்டு வழி. அச்சையே சூடாக்கி வைத்துக்கொண்டு, இளகின கண்ணாடியை வைத்து மேலிருந்து ஒரு தட்டைக் கல்லால் அமுக்குவது ஒன்று. கண்ணாடியை நொறுக்கிப் பொடித் துண்டாக அச்சுக்குள் நிரப்பி, அச்சோடு சேர்த்து உலையில் வைத்து இளக விடுவது மற்றது. அமுக்கினால் பின்பக்கம் தட்டையாகத்தான் வரும், அதனால் மேலே சகோதரி சொன்ன தட்டைப் பின்பக்கம் எனக்கு முதல் வழியைத்தான் காட்டுகிறது. அதற்காக இரண்டாவதை ஒதுக்கிவிடவும் முடியாது.

மாக்கல்லை ஏன் பிடித்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. செதுக்கும்போது மெது, உலைக்குள் போய் வந்தால் முன்னைவிடக் கடினமாகிவிடும். ஒருமுறை நன்றாக வெட்டிய அச்சு வருடக்கணக்கில் வேலை செய்யும். நாங்களும் பித்தளை அச்சில் தகட்டை வைத்து அடித்துத்தான் பதக்கத்துக்குப் பூ எடுப்போம், அச்சு வெட்டத் தெரிந்தவனுக்குப் பட்டறையில் மரியாதையே வேறு.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஆற வைப்பதுதான். வெளியே எடுத்து மேசையில் வைத்தால் படக்கென்று வெடிக்கும். மெதுவாக, சாம்பலுக்குள்ளோ உலையின் ஓரத்திலோ வைத்து ஆற விட வேண்டும். ஒரே மாதிரி இருபது துண்டு நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், வெடித்துப் போன துண்டுகள் எத்தனையோ திரும்ப மூசைக்குள் போயிருக்கும்.

சும்மா வாசிக்கிறவன் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் நேரடியானது என்று நினைக்கிறேன். நீல நிறத்தில் லாபிஸ் லாசுலி என்று ஒரு கல் இருக்கிறது, அது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வர வேண்டும், கிரேக்கத்துக்கு வந்து சேருவதற்குள் விலை எங்கேயோ போய்விடும். அந்தக் கல் கிடைக்காதவர்கள் அதே நிறத்தில் கண்ணாடி போட்டார்கள். அதுவும் அச்சில் போட்டு நூற்றுக்கணக்கில். இதைக் கவரிங் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பழைய காலத்துப் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் ராஜ நகை ஆக்க வேண்டியதில்லை.

மாந்தை மணி எழுதியது:

@சும்மா வாசிக்கிறவன், நீங்கள் சொல்வதில் பாதி சரி. லாபிஸின் நிறத்தைப் பிடிப்பதுதான் நோக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் "கல்லைப் பார்த்துச் செய்தது" என்பதிலிருந்து "மலிவு" என்பதற்குத் தாவிவிட்டீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

நமக்குக் கண்ணாடி என்றால் யன்னலும் போத்தலும். அவர்களுக்கு அப்படி இல்லை. பொடித்த குவார்ட்ஸ் கல்லையும் தாவரச் சாம்பலையும் சேர்த்துப் புதிதாகக் கண்ணாடி உருக்கும் வேலை அந்தக் காலத்தில் எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் நடந்தது. மைசீனியர்கள் அங்கிருந்து கட்டியாக வாங்கி, உடைத்து, திரும்ப இளக்கி அச்சில் போட்டார்கள். இதை ஊகம் என்று தள்ளவும் முடியாது, கண்ணாடிக்குள் மிகக் குறைந்த அளவில் இருக்கும் குரோமியம், லந்தனம், சிர்கோனியம், டைட்டானியம் போன்றவற்றின் விகிதம் எகிப்துக்கு ஒரு மாதிரி, மெசப்பொத்தேமியாவுக்கு வேறு மாதிரி. கிரேக்கத்தில் கிடைத்த துண்டுகளைச் சோதித்தபோது இரண்டு இடத்துக் கண்ணாடியும் இருந்தது தெரிய வந்தது. கோபால்ட் நீலத்துக்கான நிறப்பொருளை எகிப்தின் மேற்குப் பாலைவனச் சோலைகளான கார்கா, தாக்லா பக்கத்துப் படிகாரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கப்பல். துருக்கியின் தென்கரையில் காஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உளுபுருன் என்ற முனை இருக்கிறது. கடற்பஞ்சு எடுக்கக் குதித்த ஒருவர் 1982இல் அங்கே கடலடியில் செம்புக் கட்டிகளைப் பார்த்தார், 1984 முதல் 1994 வரை ஆழத்தில் இறங்கி இறங்கித் தோண்டினார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய வணிகக் கப்பல். அதில் சுமார் 10 தொன் செம்பு, 1 தொன் வெள்ளீயம், யானைத் தந்தம், கருங்காலி மரம், இவற்றோடு கிட்டத்தட்ட 175 கண்ணாடிக் கட்டிகள். தடித்த வட்டக் கட்டிகள், அடி கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், குறுக்களவு 15 சென்ரிமீற்றர் அளவில், கரு நீலமும் பச்சை நீலமுமாக. இவ்வளவு விலை உயர்ந்த சரக்கோடு சேர்த்துக் கப்பலேற்றிய பொருளை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஆதாரம் அமர்னாக் கடிதங்கள், எகிப்தின் அமர்னா என்ற இடத்தில் கிடைத்த அரச கடிதங்கள். எகிப்து மன்னர் கேட்டபடி 30 துண்டு கண்ணாடி அனுப்புகிறேன் என்று அஸ்கெலோன் சிற்றரசன் களிமண் பலகையில் எழுதிய கடிதமே கையில் இருக்கிறது. ஊர்த் தலைவர்கள் அரசனுக்குத் திறையாக அனுப்பும் பொருள் அது.

மைசீனியர்களின் சொந்தக் கணக்குப் பலகைகளுக்கு வருவோம். அவர்களுடைய லீனியர் பி எழுத்தை மைக்கேல் வென்ரிஸ் 1952இல் படித்துக் காட்டினார். மைசீனாவில் கிடைத்த பலகைகளில் இந்த நீலப் பொருளில் வேலை செய்யும் கைவினைஞர்கள் தனிப் பிரிவாகவே வருகிறார்கள். பைலோஸ் என்ற இன்னொரு மைசீனிய அரண்மனையின் தளபாடப் பட்டியலில் அதே பொருள் பதித்த மேசை இருக்கிறது. திரின்ஸ் அரண்மனையை 1884, 85இல் தோண்டியபோது நீலக் கண்ணாடி பதித்த, அலபாஸ்டர் என்ற வெண்கல்லாலான பட்டியும் கிடைத்தது, அதைச் சுவரில் அலங்காரமாக ஓட விட்டிருந்தார்கள். அரண்மனை தன் கணக்கில் எழுதி வைத்து, தன் சுவரிலும் மேசையிலும் பதித்த பொருள் இது.

அதற்காக அரச குடும்பம் மட்டுமே போட்டது என்றும் சொல்லமாட்டேன். தேன்கூடு வடிவப் பெரிய கல்லறைகளில் கிடைப்பது போலவே பாறையில் குடைந்த சாதாரண அறைக் கல்லறைகளிலும் இந்தத் துண்டுகள் கிடைக்கின்றன, தங்கத்தைவிடப் பரவலாக. அச்சு இருந்ததால் அரண்மனையால் இதை ஒரே மாதிரி எண்ணிச் செய்து தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்க முடிந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஒரே மாதிரி இருப்பதை நாம் இன்று குறையாகப் பார்க்கிறோம். அவர்களுக்கு "நானும் அந்த வட்டத்தில் ஒருவன்" என்று காட்டுவதற்கு அந்த ஒற்றுமையே தேவைப்பட்டிருக்கும். கி.மு. 1200 அளவில் அரண்மனைகள் விழுந்ததும் இந்த வேலையும் கிட்டத்தட்ட நின்றுபோனதைப் பார்த்தால் இரண்டுக்கும் இருந்த பிணைப்பு விளங்கும்.

சும்மா வாசிக்கிறவன் எழுதியது:

கப்பல் விஷயம் நல்ல பதில், ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் லாபிஸ் கையில் இருந்தவன் கண்ணாடியைத் தேடிப் போயிருப்பான் என்று நான் நம்பமாட்டேன். ஆடம்பரத்திலும் முதல் வரிசை, இரண்டாம் வரிசை உண்டுதானே.

வெள்ளவத்தை நீலம் எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். சில துண்டுகள் மேல் தங்கத் தகடு சுற்றியிருந்தது என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியானால் நீலம் வெளியே தெரியாதே! கப்பலில் வந்த விலை உயர்ந்த நீலத்தை வாங்கி ஏன் மூட வேண்டும்?

செட்டியார் தெரு பட்டறை எழுதியது:

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டறையில் உள்ளீடற்ற தங்க உருப்படி செய்தால் அது நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கு நிரப்புவோம். தகடு மெல்லிசாக இருக்க இருக்க உள்ளே ஏதாவது ஒரு தாங்கல் வேண்டும். கண்ணாடித் துண்டில் உருவம் ஏற்கனவே புடைத்து நிற்கிறது, அதன் மேல் மெல்லிய தங்கத் தாளை வைத்து எலும்பாலோ மரக் குச்சியாலோ தேய்த்தால் உருவம் அப்படியே தங்கத்தில் வந்துவிடும். குறைந்த தங்கம், கனமான தோற்றம். ஆகவே அந்தக் குறிப்பிட்ட துண்டுகளை மட்டும் பார்த்தால் சும்மா வாசிக்கிற தம்பி சொன்ன கவரிங் என்ற சொல் பொருந்தும், ஆனால் அங்கே போலி கண்ணாடி இல்லை, தங்கம்தான்! என் தொழில் புத்தி சொல்வது இது, தொல்லியல்காரர் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாந்தை மணி எழுதியது:

வேறு சொல்லப் போவதில்லை. இதே உருவங்கள் முழுத் தங்கத் தகட்டிலும் கிடைக்கின்றன, அதே வரிப் பட்டி, அதே இரட்டைத் துளை. அதனால் அந்த மாக்கல் அச்சுகள் கண்ணாடிக்கா, தங்கத் தகட்டை அமுக்கவா, இரண்டுக்குமா என்ற விவாதமே இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், தங்கம் மூடிய கண்ணாடித் துண்டுகள் சிறுபான்மைதான், பெரும்பாலானவை நீலம் தெரியத்தான் போடப்பட்டன. தங்க மணியையும் நீலக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிக் கோத்தால் எப்படி இருக்கும் என்று நகை செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை வாசகி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாந்தையிலும் அனுராதபுரத்திலும் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றனவே. அந்தக் கலை நம்மவர்களிடமிருந்து அங்கே போயிருக்குமோ?

மாந்தை மணி எழுதியது:

இல்லை சகோதரி. என் பெயரிலேயே மாந்தை இருப்பதால் ஆம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் காலமும் ஒத்துவராது, முறையும் ஒத்துவராது. மைசீனிய நகைகளுக்கும் நம் மணிகளுக்கும் இடையில் பல நூற்றாண்டு இடைவெளி. மாந்தை, புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேடு பக்கத்துச் சின்ன மணிகளில் பெரும்பாலானவை அச்சில் வார்த்தவையும் இல்லை, கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து நறுக்கி, பிறகு சூட்டில் முனை மழுங்க வைத்தவை. அது தனிப் பெருமை, அதற்குக் கிரேக்கத்தோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் மணிகள் இருக்கும் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

வெள்ளவத்தை நீலம் எழுதியது:

சரி, கவரிங் என்ற கதையைச் சொல்லமாட்டேன். இப்போது செய்து பார்க்கும் விஷயம். என்னிடம் காஸ் டோர்ச் இருக்கிறது, மாக்கல் துண்டு வாங்கிக்கொள்ளலாம். நீலப் போத்தலை உடைத்து இளக்கினால் வருமா?

செட்டியார் தெரு பட்டறை எழுதியது:

டோர்ச்சை மட்டும் நம்பி இறங்காதீர்கள் தங்கச்சி. ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் ஆறினால் கண்ணாடி சிதறிக் கண்ணில் அடிக்கும். மட்பாண்டமோ பீங்கானோ செய்கிறவர்களிடம் சின்ன மின்சூளை இருக்கும், வாடகைக்கு ஒரு தட்டு இடம் கேட்டுப் பாருங்கள். 850 பாகை செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே போனால் போத்தல் கண்ணாடி அச்சுக்குள் இறங்கத் தொடங்கும், அப்புறம் 550 அளவில் ஒரு மணி நேரமாவது நிறுத்தி வைத்து, சூளையைத் திறக்காமல் இரவு முழுக்க ஆற விடுங்கள். அச்சுக்குள் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து மெல்லிசாகப் பூசிக் காய வைக்காவிட்டால் கண்ணாடி ஒட்டிக்கொண்டு இரண்டும் போய்விடும். மாக்கல்லையும் ஈரமாக வைக்காதீர்கள், முதலில் 100 பாகையில் நன்றாகக் காய வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி கிளம்பிக் கல் பிளக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இரண்டு வெவ்வேறு போத்தல்களைக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கும், இன்று நன்றாகத் தெரியும், வாடிக்கையாளர் கழுத்தில் போட்டபின் கீறல் விடும். ஒரே போத்தலை உடைத்து, லேபல் பசை போகக் கழுவி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போத்தலைத் துணிக்குள் வைத்துத் தட்டுங்கள். துளைக்குக் கம்பி வைப்பதென்றால் அதன் மேலும் அதே களிமண்ணைத் தடிப்பாகப் பூச வேண்டும், பூசாத கம்பி வெளியே வராது.

மாந்தை மணி எழுதியது:

கோபால்ட் ஒட்சைட் வாங்கி வெள்ளைப் போத்தலில் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆழ்ந்த நீலம் தரப் போதும், வீட்டில் அந்த அளவை நிறுத்துச் சீராகக் கலப்பதும் கஷ்டம், பொடியைச் சுவாசிப்பதும் ஆபத்து. ஏற்கனவே நீலமாக இருக்கும் போத்தலே நல்லது. முதல் அச்சுக்கு வட்டப் பூவை எடுக்காமல் ஐவி இலையை எடுங்கள், பூவின் நடுவில் இருக்கும் சின்னப் பொட்டுகளுக்குள் கண்ணாடி இறங்குவது கஷ்டம்.